சேலைக் கடை இணையத்தளத்தில் குக்கி பட்டை: எதற்குச் சம்மதம் கேட்க வேண்டும், எதற்கு வேண்டாம்?

சிப்புட் வலைப்பணி கேட்டது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. சுங்கை சிப்புட் பட்டணத்தில் உள்ள ஒரு ரெடிமேட் சேலைக் கடையின் தளத்தைத் தீபாவளி வியாபாரத்துக்கு முன் சரிசெய்ய வேண்டும். தளம் வேர்ட்பிரஸில் ஓடுகிறது, விற்பனைக்கு அதன் வூகாமர்ஸ் பிளகின் (கூடுதல் செயலி). தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று மொழி. வாங்குபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் ஈப்போவிலும் இருப்பவர்கள், கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். ஆனால் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் அனுப்புகிறோம் என்று யூரோ விலை போட்ட பக்கம் ஒன்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கு ஃபேஸ்புக்கில் விளம்பரம் ஓடுகிறது.

தளத்தில் இருப்பவை: கூடை, உள்நுழைவு, மொழித் தேர்வு, கூகுள் அனலிட்டிக்ஸ் (பார்வையாளர் கணக்கு), ஃபேஸ்புக் பிக்சல் (விளம்பரத்துக்காகப் பின்தொடரும் நிரல்), யூடியூப் காணொளி இரண்டு, கூகுள் வரைபடம், மிதக்கும் வாட்ஸ்அப் பொத்தான், எஃப்பிஎக்ஸ் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் கட்டும் வசதி.

குக்கி (பார்ப்பவரின் உலாவியில் தளம் எழுதி வைக்கும் சிறு குறிப்பு) பற்றி இப்போது உள்ள அறிவிப்புப் பட்டை இப்படிச் சொல்கிறது: "இத்தளம் குக்கிகளைப் பயன்படுத்துகிறது. தொடர்ந்து பார்த்தால் நீங்கள் ஒப்புக்கொண்டதாகப் பொருள்." கீழே 'சரி' என்று ஒரே பொத்தான். மலேசியச் சட்டத்தில் குக்கி பற்றிப் பேச்சே இல்லை, இதுவே போதும் என்கிறார் முதலாளி. போதுமா? இவற்றில் எதெதற்குச் சம்மதம் தேவை?

சட்டம் பார்ப்பவர் பதில்:

முதலாளி சொன்னதில் பாதி உண்மை. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது சட்டம் 709இல், குக்கி என்ற சொல்லே கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் தரவைத்தான் பார்க்கிறது, தரவு எந்தக் கருவி வழியாக வந்தது என்பதை அல்ல. ஒருவரை நேராகவோ மறைமுகமாகவோ அடையாளம் காட்டினால் அது தனிநபர் தரவு. கடையிடம் ஏற்கெனவே இருக்கும் வேறு தகவலோடு சேர்த்தால்தான் ஆள் தெரியும் என்றாலும் அப்படித்தான். பிக்சல் எழுதும் எண் தனியாக இருந்தால் வெறும் இலக்கம். அதே உலாவியிலிருந்து ஒருவர் பெயர், கைப்பேசி எண், வீட்டு முகவரி கொடுத்துச் சேலை வாங்கிவிட்டால் அந்த இலக்கம் அவரைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. வியாபாரப் பரிவர்த்தனை என்பதால் சட்டம் கடையைத் தொடுகிறது.

சட்டத்தின் 6ஆவது பிரிவு, சம்மதம் இல்லாமல் தனிநபர் தரவைக் கையாளக் கூடாது என்கிறது. அதற்கு விலக்குகள் உண்டு. வாங்குபவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்ற, அல்லது ஒப்பந்தத்துக்கு முன் அவரே கேட்டுக்கொண்டதைச் செய்யத் தேவையான தரவுக்குத் தனியாகச் சம்மதம் வேண்டாம். கூடையும் பணம் கட்டுவதும் அதில் அடங்கும். விளம்பரத்துக்காகப் பின்தொடர்வது அடங்காது. ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கும் 'நியாயமான நலன்' என்ற அடிப்படை நம் சட்டத்தில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுத் தளத்தின் தனியுரிமை அறிவிப்பைப் பார்த்து எழுதுபவர்கள் அந்த வரியையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். இங்கே அது செல்லாது.

அடுத்து, 2013 ஒழுங்குமுறை விதிகள். சம்மதம் பதிவுசெய்து வைத்திருக்கக் கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன அவை. 'தொடர்ந்து பார்த்தால் ஒப்புக்கொண்டதாகப் பொருள்' என்பதில் பதிவு எங்கே? யார், எப்போது, எதற்கு ஒப்புக்கொண்டார் என்று தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

7ஆவது பிரிவு அறிவிப்பைப் பற்றியது. என்ன தரவு, எதற்காக, எந்த வகை மூன்றாம் தரப்புக்குப் போகிறது, பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் யாரைத் தொடர்புகொள்வது, எதைத் தராமல் விடலாம், தராவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருப்பது கட்டாயம். தமிழிலும் போடுங்கள், நம் மக்கள் படித்துப் புரிந்துகொள்ள அதுதான் உதவும். ஆனால் தமிழ் மட்டும் போட்டால் சட்டத்துக்குப் போதாது.

2024இல் செய்த திருத்தம் 2025இல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்புக் கோட்பாடுகளை மீறினால் முன்பு 300,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. 2025 ஏப்ரல் 1 முதல் அது 1,000,000 ரிங்கிட், 3 ஆண்டு. சிறிய கடைக்கென்று தனி விலக்கு கிடையாது.

இது உள்நாட்டுப் பக்கம். யூரோ விலையும் பிரான்ஸ், ஜெர்மனி பெயரும் போட்ட அந்த ஒரு பக்கம் கதையையே மாற்றுகிறது. ஐரோப்பாவிலிருந்து யாரோ தற்செயலாகத் தளத்தைத் திறந்தால் அவர்கள் சட்டம் வராது. அங்குள்ளவர்களை நோக்கி, அவர்கள் நாணயத்தில், அனுப்பும் செலவோடு விற்றால் ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 3ஆவது விதி கடையைப் பிடிக்கும். குக்கிக்கு அங்கே தனிச் சட்டமே உண்டு: 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தனியுரிமை உத்தரவு, 2009இல் திருத்தப்பட்டது. அதன் 5ஆவது விதி, 3ஆம் உட்பிரிவின்படி, ஒருவர் கருவியில் எதையாவது எழுதினாலும் அங்கிருந்து படித்தாலும் முன்கூட்டியே சம்மதம் வேண்டும். விலக்கு இரண்டே: தகவலைக் கடத்த மட்டுமே பயன்படுவது, பயனர் தானே கேட்ட சேவைக்குக் கண்டிப்பாகத் தேவைப்படுவது.

இதில் தனிநபர் தரவா இல்லையா என்ற கேள்வியே எழாது. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் பிளானெட்49 வழக்கில் அதைத் தெளிவாகச் சொன்னது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமாகாது என்றும், குக்கி எத்தனை நாள் இருக்கும், மூன்றாம் தரப்பு அதைப் படிக்குமா என்பதையும் பயனருக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. ஏற்பது ஒரே தட்டலிலும் மறுப்பது பல தட்டலிலும் இருந்ததற்காக பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் விதித்தது. அதை அறிவித்தது 2022 ஜனவரியில். 'மறுக்கிறேன்' என்ற பொத்தானே இல்லாத உங்கள் பட்டையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஈப்போ குறிமுறை பதில்:

சட்டத்தை அண்ணன் சொல்லிவிட்டார். ஒவ்வொன்றாக எப்படிப் பிரிப்பது என்று பார்ப்போம்.

கூடை: வூகாமர்ஸ் எழுதும் கூடை குக்கிகளும், சுமார் 2 நாள் இருக்கும் அமர்வு குக்கியும் சம்மதமின்றி வரலாம். பயனர்தான் 'கூடையில் சேர்' என்று அழுத்தினார். உள்நுழைவும் அப்படியே. ஆனால் உலாவியை மூடிய பிறகும் நீடிக்கும் 'என்னை நினைவில் வை' குக்கிக்குப் பயனர் தானே டிக் போட வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். மொழித் தேர்வும் பயனர் அழுத்தினால் எழுதலாம். எஃப்பிஎக்ஸ் பயனரை வங்கியின் தளத்துக்கு அனுப்புகிறது, அங்கே எழுதப்படும் குக்கி வங்கியின் பொறுப்பு.

அனலிட்டிக்ஸின் முக்கியக் குக்கி இயல்பாக 2 ஆண்டு இருக்கும். பிக்சலுடையது 90 நாள். இரண்டுக்கும் சம்மதம் வேண்டும். பிக்சல் விஷயத்தில் இரண்டாவது பேச்சே கிடையாது.

யூடியூப் சாதாரணமாகப் பதித்தால் பக்கம் திறந்ததுமே கூகுளுக்குச் செய்தி போகும். 'குக்கி இல்லா' முகவரியில் பதித்தாலும் காணொளியை ஓட்டியதும் உலாவியின் உள்ளகச் சேமிப்பில் (லோக்கல் ஸ்டோரேஜ்) எழுதுகிறது. உள்ளகச் சேமிப்பும் ஐரோப்பியச் சட்டத்துக்குக் குக்கி மாதிரிதான். எனவே முதலில் படத்தை மட்டும் காட்டி, 'அழுத்தினால் யூடியூப் திறக்கும், அது தன் குக்கிகளை எழுதும்' என்று ஒரு வரி போடுங்கள். வரைபடத்துக்குக் கடையின் இடம் குறித்த படம் ஒன்றும், அழுத்தினால் வரைபடச் செயலி திறக்கும் சாதாரண இணைப்பும் போதும். பக்கமும் வேகமாகத் திறக்கும். தோட்டத்துப் பக்கம் கவரேஜ் குறைவான இடங்களில் இது பெரிய உதவி. வாட்ஸ்அப் பொத்தான் வெறும் இணைப்பாக இருந்தால் பிரச்சினை இல்லை. வேறு நிறுவனத்தின் அரட்டைச் செயலி என்றால் அது தனியாகக் குக்கி எழுதுகிறதா என்று சோதியுங்கள்.

சோதிக்கும் முறை: கணினியில் குரோமில் மறைநிலைச் சாளரம் திறந்து எஃப்12 அழுத்துங்கள். 'அப்ளிகேஷன்' தாவலில் 'குக்கீஸ்', 'லோக்கல் ஸ்டோரேஜ்' இரண்டையும் திறந்து வையுங்கள். தளத்தை ஏற்றுங்கள், பட்டையைத் தொடாதீர்கள். 10 விநாடி காத்திருந்து பட்டியலைப் படம் எடுங்கள். பிறகு 'நெட்வொர்க்' தாவலில் கூகுள், ஃபேஸ்புக் முகவரிகளுக்கு ஏதாவது போயிருக்கிறதா என்று பாருங்கள். குக்கி எழுதாமலே தரவு வெளியே போவதும் உண்டு, ஆகையால் இரண்டு தாவலையும் பார்க்க வேண்டும். மறுத்த பிறகு ஒருமுறை, ஏற்ற பிறகு ஒருமுறை, ஏற்று மனம் மாறிய பிறகு ஒருமுறை: மொத்தம் நான்கு படம்.

பட்டை அழகாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். பட்டைக்குப் பின்னால் நிரல் ஏற்கெனவே ஓடிவிட்டதா என்பதை யாரும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் பத்துத் தளத்தில் பாதிக்கு மேல் குற்றம் இங்கேதான் இருக்கும்.

பேராக் வலைஞர் பதில்:

ஒரு எளிய வழி. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் பட்டை காட்டுங்கள், ஐபி முகவரியை வைத்துப் பிரிக்கும் பிளகின் இருக்கிறது. உள்ளூர்க்காரர்களை ஏன் தொல்லைப்படுத்த வேண்டும்?

சட்டம் பார்ப்பவர் பதில்:

தம்பி, அது சரியாக வராது. முதல் காரணம் மேலே சொன்னதுதான்: விளம்பரப் பின்தொடர்தலுக்கு நம் சட்டத்திலும் சம்மதமும் பதிவும் வேண்டும். இரண்டாவது, தொழில்நுட்பம். பக்கத்தைத் தற்காலிகமாகச் சேமித்துக் கொடுக்கும் கேஷ் பிளகின் இருந்தால், மலேசியாவிலிருந்து முதலில் வந்தவருக்காகச் சேமித்த பட்டையில்லாப் பக்கம் அடுத்து பாரிசிலிருந்து வருபவருக்கும் போகும். இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் வைத்திருப்பவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. எல்லாருக்கும் ஒரே விதி என்று வைத்தால் பராமரிப்பதும் எளிது.

பிரிட்டனுக்கும் விற்கும் எண்ணம் இருந்தால் ஒன்று: அங்கே 2025இல் இயற்றிய சட்டம், தளத்தை மேம்படுத்துவதற்கான சொந்தப் புள்ளிவிவரக் குக்கிகளுக்கு, தெளிவான அறிவிப்பும் மறுக்கும் வசதியும் இருந்தால், சம்மத விதியைத் தளர்த்துகிறது. விளம்பரக் குக்கிகளுக்கு அந்தத் தளர்வு கிடையாது.

சிப்புட் வலைப்பணி எழுதியது:

நன்றி அண்ணே. சொன்னபடி சோதித்தேன். பட்டையைத் தொடுவதற்கு முன்பே அனலிட்டிக்ஸ் குக்கி இரண்டும் பிக்சல் குக்கி ஒன்றும் வந்து நிற்கின்றன. சம்மத பிளகின் ஒன்று போட்டேன், பிக்சல் நின்றது. அனலிட்டிக்ஸ் நிற்கவில்லை. ஏற்றுவிட்டுப் பிறகு மறுத்தாலும் பழைய குக்கிகள் அப்படியே இருக்கின்றன.

இன்னொன்று. இதே முதலாளியின் குடும்பம் மாடியில் எஸ்பிஎம் டியூஷன் நிலையமும் நடத்துகிறது. அதன் பதிவுப் பாரமும் இதே தளத்தில் ஒரு பக்கமாக இருக்கிறது. அதற்கும் இதே பட்டை போதுமா?

ஈப்போ குறிமுறை பதில்:

அனலிட்டிக்ஸ் நிற்காததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: நிரல் இரண்டு இடத்தில் இருக்கும். டேக் மேனேஜரில் (இப்படிப்பட்ட நிரல்களை ஓட்டும் கூகுள் கருவி) ஒன்று, தீமின் (தளத்தின் தோற்ற வார்ப்புரு) தலைப்புக் கோப்பிலோ தீம் அமைப்பில் 'தலைப்பு நிரல்' என்ற பெட்டியிலோ இன்னொன்று. பிளகின் முதலாவதைப் பிடிக்கிறது, தீமில் நேராக எழுதியதை விட்டுவிடுகிறது. பக்கத்தின் மூலத்தைத் திறந்து 'ஜி' என்ற எழுத்தில் தொடங்கும் அளவீட்டு எண்ணைத் தேடுங்கள். தீமில் உள்ளதை எடுத்துவிட்டு, டேக் மேனேஜர் வழியாக மட்டும் ஓட விடுங்கள். இரட்டையாக இருந்ததால் இதுவரை பார்வையாளர் எண்ணிக்கையும் இரட்டிப்பாகக் காட்டியிருக்கலாம்.

டேக் மேனேஜரில் வரிசை முக்கியம். சம்மதத்தின் இயல்பு நிலையை 'மறுப்பு' என்று அமைக்கும் டேக், 'கன்சென்ட் இனிஷியலைசேஷன்' என்ற டிரிகரில் (எப்போது ஓட வேண்டும் என்ற நிபந்தனை) ஓட வேண்டும். 'ஆல் பேஜஸ்' டிரிகரில் வைத்தால் எது முதலில் ஓடும் என்று சொல்ல முடியாது, சில நேரம் அனலிட்டிக்ஸ் முந்திக்கொள்ளும். கூகுளின் சம்மத முறையில் இப்போது நான்கு நிலை உண்டு: விளம்பரச் சேமிப்பு, அனலிட்டிக்ஸ் சேமிப்பு, விளம்பரத்துக்குப் பயனர் தரவு அனுப்புதல், விளம்பரத் தனிப்பயனாக்கம். நான்கையும் 'மறுப்பு' என்றே தொடங்குங்கள். அதில் 'அட்வான்ஸ்டு' முறை, மறுத்தவரிடமிருந்தும் குக்கி இல்லாத செய்தியைக் கூகுளுக்கு அனுப்பும். 'பேசிக்' முறை ஏற்கும்வரை எதையும் அனுப்பாது. இந்த அளவு கடைக்கு பேசிக் போதும்.

மறுத்த பிறகும் குக்கி நிற்பதற்குக் காரணம், குக்கியை அழிக்கும்போது அது எழுதப்பட்ட அதே டொமைனையும் அதே பாதையையும் கொடுக்க வேண்டும். அனலிட்டிக்ஸ் முன்னால் புள்ளி வைத்த முதன்மை டொமைனில் எழுதுகிறது. பிளகின் மூன்று டபிள்யூ உள்ள டொமைனில் தேடி அழிக்கிறது. அழிந்ததுபோல் காட்டும், அழியாது. பிளகின் அமைப்பில் டொமைனை மாற்றுங்கள். யூடியூபோ ஃபேஸ்புக்கோ தங்கள் சொந்த டொமைனில் எழுதியதை உங்கள் தளத்தால் அழிக்கவே முடியாது. முன்கூட்டியே தடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்பது அதனால்தான்.

எல்லாம் மாற்றியதும் கேஷைக் காலி செய்துவிட்டு நான்கு படத்தையும் மறுபடி எடுங்கள். கடைசியாக 360 பிக்சல் அகலத் திரையில் பாருங்கள். தமிழ் எழுத்து இடம் அதிகம் எடுக்கும். 'மறுக்கிறேன்' பொத்தான் இரண்டாம் வரிக்கு இறங்கி, மிதக்கும் வாட்ஸ்அப் வட்டத்துக்கு அடியில் ஒளிந்துவிடும். கணினியில் சரியாகத் தெரிந்த பட்டை கைப்பேசியில் மறுக்க முடியாத பட்டை ஆகிவிடும். பட்டை இருக்கும்வரை வாட்ஸ்அப் வட்டத்தை மேலே தூக்கி வையுங்கள்.

சட்டம் பார்ப்பவர் பதில்:

டியூஷனுக்கு அதே பட்டை போதாது, தம்பி. எஸ்பிஎம் மாணவர்கள் பெரும்பாலும் 18 வயதுக்குக் கீழ். நம் 2013 விதிகளின்படி அவர்களுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதம் தர வேண்டும். பிள்ளை தன் கைப்பேசியில் 'ஏற்கிறேன்' என்று தட்டியது கணக்கில் வராது. பதிவுப் பாரத்தில் பெற்றோர் பெயர், கைப்பேசி எண், காலியாக உள்ள சம்மதக் கட்டம், தேதி ஆகியவை தனியாகத் தெரியும்படி வரட்டும். ஒரே பாரத்தில் வேறு விஷயமும் இருந்தால் சம்மதப் பகுதி பார்த்ததுமே பிரிந்து தெரிய வேண்டும் என்பதும் விதி. அந்தப் பக்கத்தில் பிக்சல், அனலிட்டிக்ஸ் இரண்டையும் அறவே எடுத்துவிடுங்கள். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறது என்ற செய்தி ஒரு விளம்பர நிறுவனத்துக்குப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

பாரத்தில் 'சமயம்' என்று ஒரு கட்டம் இருந்தால் அதையும் எடுங்கள். சமய நம்பிக்கை, உடல்நிலை போன்றவை உணர்திறன் மிக்க (சென்சிட்டிவ்) தரவு. 40ஆவது பிரிவு அதற்கு வெளிப்படையான சம்மதம் கேட்கிறது. கணக்குப் பாடம் நடத்த அது எதற்கு?

கடைப் பட்டைக்கு இந்த வாசகம் பொருந்தும்:

"கூடை, உள்நுழைவு, மொழித் தேர்வு ஆகியவற்றுக்குத் தேவையான குக்கிகள் எப்போதும் இயங்கும். நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டும், பார்வையாளர் எண்ணிக்கையை அறிய கூகுளின் குக்கிகளையும் (2 ஆண்டு வரை), விளம்பரம் காட்ட ஃபேஸ்புக்கின் குக்கிகளையும் (90 நாள்) பயன்படுத்துவோம். எப்போது வேண்டுமானாலும் பக்கத்தின் அடியில் உள்ள 'குக்கி தேர்வு' வழியாக மாற்றலாம்."

கீழே மூன்று பொத்தான்: ஏற்கிறேன், மறுக்கிறேன், நானே தேர்வு செய்கிறேன். முதல் இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மலாய்ப் பக்கத்தில் 'தெரிமா', 'தோலாக்'. மொழியைப் பொறுத்துப் பொத்தானின் வரிசை மாறக் கூடாது.

பதிவில் வைக்க வேண்டியவை: தற்செயலாக உருவாக்கிய ஓர் எண், தேதியும் நேரமும், எந்தெந்த வகைக்கு ஒப்புதல், பட்டை வாசகத்தின் பதிப்பு எண். முழு ஐபி முகவரி வேண்டாம், சம்மதத்தை நிரூபிக்கப் போய்த் தேவையில்லாத தரவைச் சேர்த்தது போலாகும். பதிப்பு எண்ணைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வாசகம் மாறியிருந்தால், அன்று அவர் எதைப் படித்து ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாமல் போகும். மறுத்தவரிடம் பக்கத்துக்குப் பக்கம் மறுபடி கேட்காதீர்கள். பிரெஞ்சு ஆணையம் தேர்வை 6 மாதம் நினைவில் வைக்கப் பரிந்துரைக்கிறது, அதையே பின்பற்றலாம். மறுப்பை நினைவில் வைக்கும் குக்கிக்குத் தனிச் சம்மதம் தேவையில்லை.

சிப்புட் வலைப்பணி எழுதியது:

தீமில் இருந்த நிரல்தான், அண்ணே. எடுத்ததும் முதல் படத்தில் மொழிக் குக்கி மட்டும் நிற்கிறது. அது நான் தமிழைத் தொடுவதற்கு முன்பே வருகிறதே, சரியா?

ஈப்போ குறிமுறை பதில்:

மொழிப் பிளகின் உலாவியின் மொழியைத் தானாகக் கண்டுபிடித்து எழுதுகிறது. பயனர் கேட்டது அல்ல என்பதால் அதை விலக்கில் சேர்ப்பது கஷ்டம். பிளகின் அமைப்பில் தானியங்கி மொழி கண்டறிதலை அணைத்துவிட்டு, மொழிப் பொத்தானை அழுத்தினால் மட்டும் எழுதும்படி மாற்றுங்கள். அதன் பிறகு முதல் படம் காலியாக இருக்க வேண்டும்.